மரை பொருந்துகிறது என்று மட்டும் பார்த்து ஒயில் பில்ட்டர் தராதீர்கள்

திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர், கந்தளாய், நிலாவெளி, புல்மோட்டைப் பக்கங்களிலும் வாகனங்களுக்கும் படகுகளுக்கும் உதிரிப்பாகம் விற்கும் அண்ணாமார், நானாமார், கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கச்சிமார் எல்லோருக்கும்,

வணக்கம், ஸலாம்.

நான் நகரத்தில் கராஜ் நடத்துகிறவன். டீசல் வான், மோட்டார் சைக்கிள், அவுட்போர்ட் மோட்டார் என்று எது வந்தாலும் பார்க்கிறேன். உங்கள் கடைகள் இல்லாமல் என் வேலை ஒரு நாளும் ஓடாது. அவசரத்துக்குக் கடனாகச் சாமான் தந்தவர்கள் நீங்கள். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சல் எடுப்பித்துத் தந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமையும் கதவு திறந்தவர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். அதிகாரிகளிடம் போவதற்கு முன்னால் உங்களிடம் பேசுவதுதான் முறை.

நான் கேட்பது இவ்வளவுதான். டர்போ வைத்த டீசல் வானுக்கோ, பத்தாயிரம் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை சுற்றும் மோட்டார் சைக்கிளுக்கோ, முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓடும் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கோ ஒயில் பில்ட்டர் கேட்டு ஆள் வந்தால், மரையும் றப்பர் வளையமும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தத் தகரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை உங்களுக்குச் சாமான் போடும் இறக்குமதியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டும் பதில் தராதவரின் பில்ட்டரை இப்படிப்பட்ட எஞ்சின்களுக்கு விற்காதீர்கள்.

ஒயிலைப் பொறுத்தவரை இந்த மாற்றம் எப்போதோ வந்துவிட்டது. சீனக்குடாவிலேயே சேர்வோ ஒயில் கலக்கும் தொழிற்சாலை இருக்கிறது. அங்கிருந்து வரும் கேனோ கடல் கடந்து வரும் கேனோ, எதை எடுத்தாலும் தடிப்பு எவ்வளவு, ஏபிஐ என்ற அமெரிக்கத் தரம் என்ன, மோட்டார் சைக்கிளுக்கு என்றால் ஜாஸோ எம்ஏ2 என்ற ஜப்பான் தரமா என்பதெல்லாம் அச்சில் இருக்கும். முன்பு "ஒரு லீட்டர் ஒயில் தாங்கோ" என்று கேட்ட பொடியன்கள் இன்றைக்கு 10டபிள்யூ-40 என்று எண் சொல்லிக் கேட்கிறார்கள். நீங்களும் ஏன், எதற்கு என்று விளக்கிக் கொடுக்கிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

அந்த ஒயிலை வடிகட்டும் சாமானின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். வாகனங்களின் பெயர் வரிசை இருக்கும், ஒரு படம் இருக்கும், ஓர் இலக்கம் இருக்கும். எத்தனை மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளை எத்தனை சதவீதம் பிடிக்கும், பைபாஸ் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும், உள்ளே உள்ள றப்பர் எவ்வளவு சூடு தாங்கும் என்று ஒரு சொல்லும் இருக்காது. பெரிய பெயருள்ள கம்பெனிகள் தங்கள் பட்டியல் புத்தகத்தில் இவற்றில் சிலதையாவது தருகின்றன. பெயர் தெரியாத பெட்டிகளுக்கு அப்படிக் கேட்டுப் பார்க்க ஒரு முகவரிகூட இருப்பதில்லை.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் கரையில் மண்ணெண்ணெயில் ஓடிய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு ஒயில் பில்ட்டரே கிடையாது. ஒயில் எரிபொருளோடு கலந்து எரிந்து போய்விடும். பழைய சிறிய ஹொண்டா மோட்டார் சைக்கிள்களில் ஒரு கம்பிவலையும், சுழற்சியில் அழுக்கை ஓரத்துக்கு ஒதுக்கும் ஒரு மூடியும் மட்டும்தான் இருந்தன. பழைய டீசல் எஞ்சின்கள் மெதுவாகச் சுற்றுபவை, இடைவெளிகள் தாராளமானவை, கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொண்டன. அந்தக் காலத்தில் மரை பொருந்தினால் போதும் என்பது பெரிய பிழை இல்லை.

இன்றைக்குக் கண்டி வீதியால் போகும் வான்களைப் பாருங்கள். டொயோட்டா கேடிஎச் வானுக்குள், டீசலை மிகக் கூடிய அழுத்தத்தில் பீச்சும் கொமன் ரெயில் எஞ்சின். அதன் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும், அந்தத் தண்டு மிதப்பது ஒயிலில். யமஹா ஆர்15-இன் உச்ச வலு 10,000 ஆர்பிஎம்மில் வருகிறது. அதே ஒயில்தான் அதன் கியர்ப் பெட்டிக்கும் கிளட்சுக்கும் போகிறது, கிளட்சுத் தட்டு தேய்ந்து உதிரும் தூளும் அதே ஒயிலுக்குள்தான் விழுகிறது. பாரம் ஏறும் கணத்தில் பெயரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒயில் படலம் ஒருசில மைக்ரோன்தான். அதைவிடக் கொஞ்சம் பெரிய துகள் இடையில் மாட்டினால் கீறிக்கொண்டே போகும்.

சரி, மரை பொருந்தினால் என்ன குறை என்று கேட்பீர்கள். ஹொண்டா, நிசான், மிட்சுபிஷி வாகனங்கள் பலவற்றுக்கும், ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றுக்கும் 20 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் பிட்சும் (மரைக்கு மரை இடைவெளி) உள்ள ஒரே மரைதான். டொயோட்டாவில் பெரும்பாலும் முக்கால் அங்குலம், அங்குலத்துக்குப் 16 மரை. இந்த இரண்டை வைத்துக்கொண்டு கடையில் உள்ள பாதிப் பில்ட்டர்களைப் பாதி வாகனங்களுக்குப் பூட்டிவிடலாம். பூட்டினால் ஒயில் கசியாது, எச்சரிக்கை லைட்டும் எரியாது. ஆனால் உள்ளே இருப்பவை ஒன்றல்ல.

முதலில் பைபாஸ் வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒயிலானது பில்ட்டரின் வெளிச்சுற்றில் உள்ள சிறிய துளைகளால் உள்ளே போய், மடித்த கடதாசியை வெளியிலிருந்து உள்பக்கமாகக் கடந்து, நடுக்குழாயால் எஞ்சினுக்குப் போகிறது. கடதாசிக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள அழுத்த வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் பைபாஸ் திறக்கும். அப்போது வடிகட்டாத ஒயில் நேராக எஞ்சினுக்குப் போகும். அழுக்கு ஒயிலாவது கிடைக்கட்டும், ஒயிலே இல்லாமல் போகக்கூடாது என்ற ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான். சிக்கல் அந்த அளவில் இருக்கிறது. பல பில்ட்டர்களில் அது 8 முதல் 16 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) வரை. சுபாருவின் சொந்தப் பில்ட்டர்களிலோ 23 பிஎஸ்ஐ, ஏனென்றால் அந்த எஞ்சினின் ஒயில் பம்ப் தள்ளும் ஒயில் அதிகம். மரை பொருந்துகிறது என்று 10 பிஎஸ்ஐ பில்ட்டரை அதில் பூட்டினால், வேகம் ஏறும் நேரத்தில் எல்லாம் பைபாஸ் திறந்துகொள்ளும். எஞ்சின் கடுமையாக உழைக்கும் அதே நேரத்தில் வடிகட்டல் நின்றுவிடுகிறது. ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சில எஞ்சின்களில் பைபாஸ் வால்வு எஞ்சின் புளொக்கிலேயே இருக்கிறது, அதனால் அவற்றின் பில்ட்டரில் வால்வு தேவையில்லை. அந்தப் பில்ட்டரை, வால்வு தேவைப்படும் எஞ்சினில் பூட்டினால் அடைப்பு வரும் நாளில் ஒயிலுக்கு வேறு வழி இருக்காது. அழுத்தம் முழுவதையும் கடதாசி தாங்க வேண்டும். தாங்காவிட்டால் நசுங்கும், அல்லது கிழியும்.

நசுங்கினதை என் கையால் எடுத்திருக்கிறேன். மூதூர்ப் பக்கமிருந்து வந்த வான், ஆட்களை ஏற்றிக் கொழும்பு ஓட்டம் போகிற வான். டர்போவில் சத்தம் என்று கொண்டுவந்தார்கள். பில்ட்டரைக் கழற்றி வெட்டினால், நடுக்குழாய் மெல்லிய தகரம், ஒரு பக்கமாக உள்வாங்கி மடிந்திருந்தது. கடதாசி ஒரு மடிப்பில் கிழிந்து, அதன் நார் நடுக்குழாய்க்குள் இருந்தது. அந்த நார் அங்கேயே நிற்காதல்லவா? பிஸ்டனுக்கு ஒயில் பீச்சும் சின்னத் துளைக்கும் டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாய்க்கும் அது போகும். வான்காரருக்கு டர்போவும் போய் பெயரிங்கும் போனது. அந்தக் குடும்பத்துக்கு அந்த வான் ஒன்றுதான் வருமானம். எந்தக் கடையில் வாங்கியது என்பது இங்கே தேவையில்லை. விற்றவருக்கும் உள்ளே இருப்பது தெரிந்திருக்காது, அதற்காகத்தான் இந்த மடலே.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஞ்சின் பிடித்தால் எல்லாப் பழியும் பில்ட்டருக்கு இல்லை. கேடிஎச் வான்களில் வரும் 1கேடி, 2கேடி எஞ்சின்களில் இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செம்பு வொஷர் கசிந்தால் எரிந்த வாயு ஒயிலுக்குள் இறங்கும். கரி சேர்ந்து ஒயில் தடித்து, எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் உள்ள ஸ்ட்ரெய்னர் வலை அடைபடும். அது ஒயில் பம்புக்கு முன்னால் நடக்கிற அடைப்பு, எவ்வளவு நல்ல பில்ட்டர் போட்டாலும் காப்பாற்றாது. ஆனால் அந்த எஞ்சினின் பில்ட்டர் அடிக்கடி அடைபடுகிறது என்றால் அதுவே முதல் எச்சரிக்கை. நல்ல பில்ட்டரை வெட்டிப் பார்த்தால் கரி தெரியும். கண்டதையும் கடத்திவிடும் பில்ட்டரை வெட்டினால் சுத்தமாக இருக்கும், சுத்தமாக இருக்கிறது என்று நாங்களும் சந்தோஷமாக மூடிவிடுவோம்.

அடுத்தது ஒயில் திரும்பி வடியாமல் தடுக்கும் றப்பர் வால்வு. பில்ட்டர் பக்கவாட்டிலோ தலைகீழாகவோ பூட்டப்பட்ட எஞ்சின்களில், இரவில் நிறுத்தினால் பில்ட்டருக்குள் நிற்கும் ஒயில் சம்புக்கு வடியாமல் இந்த றப்பர்தான் தாங்குகிறது. மலிவான பில்ட்டர்களில் அது நைட்ரைல் றப்பர், நல்லவற்றில் சிலிக்கன். நைட்ரைல் மோசம் என்று சொல்லவில்லை. அளவான சூட்டில் ஓடும் எஞ்சினுக்கு, நேரத்துக்கு மாற்றினால் அது போதும். ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வெயிலையும் ஹபரணை வீதியின் ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு ஏசி போட்டுப் போகும் வானையும் சேர்த்து யோசியுங்கள். சூடாகிச் சூடாகி நைட்ரைல் விறைத்துவிடும். விறைத்த றப்பர் ஒட்டி மூடாது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒயில் மேலே வரும்வரை டக் டக் என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதில் பாதி இந்த வால்வின் வேலை. அந்தச் சில வினாடிகளில் பெயரிங் காய்ந்துதான் சுற்றுகிறது. சிலிக்கன் பெரும்பாலும் செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிறத்தில் இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் பில்ட்டரின் துளைகளுக்குள் டோர்ச் அடித்து, நகத்தால் மெல்லத் தொட்டுப் பார்த்தால் றப்பர் இளக்கமாக இருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா என்று கவுண்டரில் நின்றே தெரிந்துவிடும். பல மாதம் வெயில் படும் அலுமாரியில் கிடந்த பில்ட்டரையும் இப்படித்தான் கண்டுபிடிக்கலாம்.

கடதாசிக்கு வருவோம், ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடப்பது இதில்தான். "20 மைக்ரோன் பில்ட்டர்" என்று பெட்டியில் போட்டிருந்தால் அதற்குத் தனியாக அர்த்தம் எதுவும் இல்லை. மா அரிக்கும் அரிதட்டில் ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவு. பில்ட்டர் கடதாசியில் அப்படி இல்லை, நார்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன, சில இடம் நெருக்கம், சில இடம் ஐதாக. அதனால் கேட்க வேண்டிய கேள்வி, 20 மைக்ரோன் துகளில் எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதுதான். இதை அளக்க ஐஎஸ்ஓ 4548-12 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. தூள் கலந்த ஒயிலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பில்ட்டருக்கு முன்னும் பின்னும் துகள்களை எண்ணுவார்கள். முன்னால் உள்ள எண்ணிக்கையைப் பின்னால் உள்ளதால் வகுத்தால் வருவது பீட்டா எண். பீட்டா 2 என்றால் பாதியைத்தான் பிடிக்கிறது. 75 என்றால் 98.7 சதவீதம். இரண்டு கம்பெனியும் பெட்டியில் "20 மைக்ரோன்" என்றே போடலாம், இரண்டும் பொய்யில்லாமலேயே போடலாம்.

இது ஆய்வுகூடத்து விவகாரம் என்று தள்ளிவிடாதீர்கள். 1988-இல் ஜெனரல் மோட்டர்ஸ் காரர்கள் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியியலாளர் அமைப்பில் வெளியிட்ட ஆய்வில், 40 மைக்ரோன் மட்டத்தில் வடிகட்டியபோது இருந்த எஞ்சின் தேய்மானம் 30 மைக்ரோனில் பாதியாகியது, 15 மைக்ரோனில் 70 சதவீதம் குறைந்தது. எஞ்சின் ஒன்றே, ஒயில் ஒன்றே, மாறியது வடிகட்டல்தான். புல்மோட்டை வீதி மணலும் கந்தளாய் வயல்பக்கத்துச் செம்மண் தூசியும் எங்கள் எஞ்சின்களுக்குள் எயார் பில்ட்டரின் ஓரத்தால் எவ்வளவு போகிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஆகவே எங்கள் ஊருக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம்.

மோட்டார் சைக்கிள் பொடியன்களுக்கு விற்கப்படும் "ரேசிங் பில்ட்டர்" பற்றியும் சொல்லியாக வேண்டும். துருப்பிடிக்காத கம்பிவலை, கழுவிக் கழுவிப் பாவிக்கலாம், ஒயில் வேகமாக ஓடும் என்று விற்கிறார்கள். வேகமாக ஓடுவது உண்மை. வலையின் ஓட்டை பெரிது, அதனால் ஓடுகிறது. பந்தயத்தில் அது சரி. அங்கே ஓட்டம் முடிந்ததும் ஒயிலை மாற்றுவார்கள், பில்ட்டரைத் திறந்து உலோகத் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், எஞ்சினையே அடிக்கடி பிரிப்பார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஒரே ஒயிலில் வேலைக்கும் வகுப்புக்கும் போய்வரும் தம்பிக்கு நல்ல கடதாசி எலிமெண்ட்தான் (வடிகட்டும் உள்பாகம்) பாதுகாப்பு. பல்சர் என்எஸ் 200, ஆர்15 போன்றவற்றின் எலிமெண்ட் சிறிய சாமான், விலையும் பெரிதில்லை. அதை விற்கும்போது ஒரு சொல் சேர்த்துச் சொல்லுங்கள்: சில மோட்டார் சைக்கிள்களில் இந்த எலிமெண்டுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு, திருப்பிப் பூட்டினால் ஒயில் போகும் வழியே அடைபடும். வீட்டில் தானே சேர்விஸ் செய்யும் பொடியனுக்கு அந்த ஒரு வசனம் ஓர் எஞ்சினையே காப்பாற்றும்.

கடல் பக்கம். உப்புவெளி, நிலாவெளியில் புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களை ஏற்றும் படகுகளில் நான்கு ஸ்ட்ரோக் மோட்டார்கள் கூடிக்கொண்டு வருகின்றன. காருக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசம், கார் முழு வேகத்தில் ஓடுவது எப்போதாவதுதான். பெரிய அவுட்போர்டு 5000, 6000 ஆர்பிஎம்மில் மணிக்கணக்காக நிற்கும். ஒயில் மாற்றப் பெரும்பாலான கம்பெனிகள் 100 மணி நேரம் அல்லது ஒரு வருடம் என்று சொல்கின்றன. சீசன் காலத்தில் அந்த 100 மணி நேரம் சீக்கிரம் வந்துவிடும். இவற்றுக்கும் கார் பில்ட்டர் மரை பொருந்தும் என்று கொடுக்கிறார்கள். பைபாஸ் அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், தகரத்தின் பூச்சைப் பாருங்கள். கடலுக்கென்று செய்த பில்ட்டரின் பூச்சு தடிப்பானது. கார் பில்ட்டரின் மெல்லிய பெயின்ட் உப்புக் காற்றில் விளிம்பிலிருந்து உரிந்து துரு ஏறும். கரையில் துரு துளைத்தால் ஒயில் கொட்டி நாசமாகும், அவ்வளவுதான். கரையிலிருந்து பல கடல்மைல் தள்ளி, பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிய படகில் அது நடந்தால் என்ன என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கொட்பே துறைமுகத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடல் போகும் பலநாட்கலங்களின் டீசல் எஞ்சின்களுக்கும் இதே பேச்சுத்தான். அங்கே திரும்பி வருவதே எஞ்சினை நம்பித்தான்.

டுப்ளிக்கேட் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரிஜினல் பெட்டிகள் கராஜ்களிலிருந்து கிழியாமல் சுத்தமாக வெளியே போகின்றன, டுப்ளிக்கேட்டை அடைக்க யாரோ வாங்குகிறார்கள். அதை நாங்கள் நிறுத்துகிறோம், இனி என் கராஜில் பெட்டியைக் கிழித்துத்தான் போடுவேன், மற்றக் கராஜ்காரரிடமும் பேசுகிறேன். நீங்கள் உங்கள் பக்கத்தில் பில்லில் "ஒயில் பில்ட்டர் 1" என்று எழுதாமல் கம்பெனிப் பெயரையும் சாமான் இலக்கத்தையும் எழுதுங்கள். பில்ட்டர் பழுதானால் எது பழுதானது என்று தேட அதுதான் ஆதாரம். உங்களுக்கும் அது பாதுகாப்பு, பழி வந்தால் இறக்குமதியாளரைக் கைகாட்டலாம். தரம் பற்றி வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதை 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் தடுக்கிறது. ஆனால் சட்டம் கவுண்டருக்கு வந்து சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

"சனம் மலிவைத்தானே கேட்குது" என்பீர்கள். உண்மை, நானும் அந்தச் சனத்தோடுதான் இருக்கிறேன். 2022-இல் எல்லாம் விலை ஏறியபோது ஒயில் மாற்றவே யோசித்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இதையும் சேர்த்துப் பாருங்கள்: 2020-இல் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025-இல்தான் மறுபடி வழி திறந்தது, திறந்த பிறகும் வரியோடு வரும் விலை எங்கள் ஆட்களுக்கு எட்டுகிற விலை இல்லை. வீதியில் இருக்கும் வாகனங்களை இன்னும் பல வருடம் ஓட்டியாக வேண்டும். இந்த நிலையில் நல்ல பில்ட்டருக்கும் மலிவுப் பில்ட்டருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை, ஒரு டர்போவின் விலைக்குப் பக்கத்தில் வைத்து நீங்கள் ஒரு தடவை சொன்னால் போதும், பெரும்பாலானவர்கள் நல்லதைத்தான் எடுப்பார்கள். சொல்ல ஆள் இல்லாததால் மலிவை எடுக்கிறார்கள். எல்லோருக்கும் விலை கூடியதைத் தள்ளச் சொல்லவும் இல்லை. பழைய எஞ்சினை மெதுவாக ஓட்டி, நேரத்துக்கு ஒயில் மாற்றும் ஒருவருக்கு நடுத்தர விலைப் பில்ட்டர் தாராளமாகப் போதும். எந்த எஞ்சினுக்கு எது என்று பிரித்துக் கொடுக்கத்தான் கேட்கிறேன்.

கராஜ்காரர்கள் நாங்களும் சுத்தமானவர்கள் இல்லை. பழைய றப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டி நிற்க, அதன் மேல் புதிய பில்ட்டரைப் பூட்டி, வீதியில் ஒயில் முழுவதையும் கொட்டவிட்ட கதைகள் எங்கள் தொழிலில் உண்டு. வளையத்தில் ஒயில் தடவாமல், கையால் முக்கால் சுற்று இறுக்க வேண்டியதை ஸ்பானரால் நசுக்குகிறவர்கள் உண்டு. கழற்றிய பில்ட்டரை வெட்டிப் பார்க்காமல் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். சிறிய பிஸ்டன் விமான எஞ்சின்களுக்கு லைக்கமிங் கம்பெனி 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒயிலையும் பில்ட்டரையும் மாற்றி, பில்ட்டரை வெட்டி, கடதாசியை விரித்து உலோகம் தேடச் சொல்கிறது. வானத்தில் நிறுத்தி இறங்க முடியாது என்பதால் அவர்கள் அப்படி. ஆழ்கடலிலும் நிறுத்தி இறங்க முடியாதே. வெட்டும்போது இரும்பு வாளால் அறுக்கக்கூடாது, வாளின் தூள் உள்ளே விழுந்து எது எஞ்சினின் தூள் என்று தெரியாமல் போகும். சுற்றி வெட்டும் கட்டர் ஒன்று இருக்கிறது, அதை உங்களில் யாராவது கொழும்பிலிருந்து எடுப்பித்து வைத்தால் ஒவ்வொரு கராஜும் வாங்கும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் பிஸ்டன் பக்கத்து அலுமினியமாக இருக்கலாம், செம்பு நிறம் என்றால் பெயரிங்கை யோசிக்க வேண்டும். இதை என் கராஜில் வேலை பழகும் தம்பிமாருக்குச் சொல்லிக் கொடுத்துவருகிறேன்.

இனி என்ன செய்யலாம்? நீங்கள் அதிகம் விற்கும் பில்ட்டர்களில் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை, பாவிக்காத புதிதை, வெட்டித் திறந்து கவுண்டரில் வையுங்கள். மடிப்புகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா, ஓரப் பசை முழுவதும் பிடித்திருக்கிறதா, நடுக்குழாய் கையால் அமுக்கினால் நசுங்குகிறதா, பைபாஸ் வால்வின் ஸ்பிரிங் ஒழுங்காகத் திரும்புகிறதா என்று வருகிறவர் கண்ணால் பார்க்கட்டும். பைபாஸ் வால்வு மேல்பக்கத்து மூடியில் இருக்கிறதா, மரைப் பக்கத்தில் இருக்கிறதா என்பதும் தெரியும். மேல்பக்கத்தில் இருந்தால், திறக்கும்போது வெளிச்சுற்றில் படிந்த அழுக்கைக் கழுவிக்கொண்டு எஞ்சினுக்குள் போக வழி அதிகம். பக்கத்தில் ஒரு கடதாசியில் இறக்குமதியாளர் தந்த நான்கு விபரம்: எத்தனை மைக்ரோனில் எத்தனை சதவீதம், பைபாஸ் எத்தனை பிஎஸ்ஐ, றப்பர் என்ன வகை, தகரம் வெடிக்கும் அழுத்தம் எவ்வளவு. கேடிஎச் வானுக்கும் என்எஸ் 200-க்கும் ஆர்15-க்கும் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கும் இதை முதலில் செய்தால் போதும், அவைதான் அதிகம் உழைப்பவை. மற்றவற்றைப் பிறகு பார்ப்போம்.

ஒரு கடை தனியாகக் கேட்டால் இறக்குமதியாளர் காதில் விழாது. கண்டி வீதிக் கடைகளும் அநுராதபுரச் சந்திக் கடைகளும் கிண்ணியாக் கடைகளும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் விழும். அந்தக் கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தர நான் தயார். வெட்டிப் பார்க்கப் பில்ட்டர் தருகிற கடைக்கு என் கராஜிலிருந்து ஆள் வந்து இலவசமாக வெட்டித் தருவான். பாவித்துக் கழற்றிய பில்ட்டர்களையும், எந்த எஞ்சின், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி ஒட்டி, கேட்கும் கடைக்குக் கொண்டுவந்து தருகிறேன். போயா நாளில் கடைகள் மூடியிருக்கும்போது வந்து பேசச் சொன்னாலும் வருவேன், உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
திருகோணமலையிலிருந்து ஒரு கராஜ்காரன்